காப்புக்கு முந்திய காப்பு

(இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டார மகளிரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருவில்லிபுத்தூர் தமிழுக்குத் தாலாட்டைத் தந்த ஊர். ஆயர்பாடிக் குழந்தையைத் தாயாக நின்று கொஞ்சிய பெரியாழ்வாரே, பிற்காலப் பிள்ளைத்தமிழ் நூல்களுக்கெல்லாம் வித்திட்டவர் என்பது தமிழறிஞர் கருத்து. அந்தப் பிள்ளைத்தமிழ் நூல்களில் முதற் பருவத்தின் பெயர் 'காப்பு'. குழந்தைக்குத் தீங்கு ஏதும் நேராதிருக்க வேண்டும் என்ற வேண்டுதலோடுதான் பாட்டே தொடங்கும். தாயின் முதல் கவலை காப்பு. ஆகவே பாவலனின் முதற் பாட்டும் காப்பு.

நம் குமுகாயம் அதற்கும் முன்னே இன்னொரு காப்பை வைத்திருக்கிறது. அது வளைகாப்பு. ஏழாம் திங்களில் பெண்ணை மணையில் அமர்த்தி, கை நிறைய வளையல் பூட்டி, புளிச்சோறும் எலுமிச்சைச் சோறும் தேங்காய்ச் சோறும் ஊட்டி, மூத்த பெண்கள் வாழ்த்துகிறார்கள். அரசே அங்கன்வாடிகளின் வழியாக ஏழைப் பெண்களுக்குக் கூட்டு வளைகாப்பு நடத்துகிறது. நல்ல வழக்கம், தாயின் உள்ளத்துக்குத் துணிவு தரும் வழக்கம். ஆனால், அறிவியல் இன்று ஒரு வினாவை நம் முன் வைக்கிறது. ஏழாம் திங்களில் இடுகின்ற காப்பு, முதல் திங்களில் நேர்ந்துவிட்ட தீங்கைத் தடுக்குமா?

தடுக்காது. அதைச் சொல்வதற்கே இந்த உரை.

இருபத்தெட்டு நாள்

கரு உருவான நாளிலிருந்து எண்ணினால், இருபத்தெட்டாம் நாளுக்குள் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடிப்படையான நரம்புக் குழாய் மூடிக்கொள்கிறது. தட்டையாக இருக்கும் ஒரு தகடு இருபுறமும் எழுந்து, வளைந்து, ஓலைச்சுருள் போல ஒன்றோடொன்று பொருந்திக் குழாயாகிறது. மேலே மூடாமல் நின்றுவிட்டால் மூளை உருப்பெறாது. அக் குழந்தை பிழைப்பதில்லை. கீழே மூடாமல் நின்றுவிட்டால் முதுகுத்தண்டு பிளந்தே இருக்கும். பிழைக்கின்ற குழந்தைகளுள் பலர் நடக்க முடியாமலும் சிறுநீரை அடக்க முடியாமலும் வாழ்நாள் முழுதும் துன்புறுவர்.

இருபத்தெட்டாம் நாள் என்பது எப்போது? வழக்கமாக வரவேண்டிய மாதவிலக்கு வராமல் ஏறத்தாழ இரண்டு கிழமை ஆகும் வேளை. பெண் பலருக்கு அப்போதுதான் ஐயமே எழுகிறது. 'இந்த முறை தள்ளிப் போயிருக்கிறதோ' என்று அவள் எண்ணிப் பார்க்கும்போது அங்கே கதவு சாத்தப்பட்டுவிட்டது. மாமியாரிடம் சொல்லி, கணவனிடம் சொல்லி, நல்ல நாள் பார்த்து, மருத்துவமனைக்குப் போய்ச் சீட்டு வாங்கும்போது மூன்றாம் திங்கள் நடக்கிறது. மருத்துவர் தரும் மாத்திரை நல்ல மாத்திரைதான். ஆனால் அது செய்யவேண்டிய பணிகளுள் தலையாய ஒன்றின் காலம் கடந்துவிட்டது.

அந்த மாத்திரையின் பெயர் 'போலிக் அமிலம்'. இலத்தீன் மொழியில் 'போலியம்' என்றால் இலை. தமிழில் இலைக்காடி என்போம். 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்தபோது அதற்கு அந்தப் பெயர் வந்தது. ஆனால் அதன் வரலாறு கீரைப் பாத்தியில் தொடங்கவில்லை. இராசபாளையம் போன்ற ஒரு பஞ்சாலை நகரத்தில் தொடங்கியது.

ஆலைப் பெண்கள் தந்த அறிவு

1928-இல் இலூசி வில்சு என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் மும்பைக்கு வந்தார். அங்கே துணியாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான குருதிச்சோகையால் மடிந்துகொண்டிருந்தார்கள். கரணியம் யாருக்கும் விளங்கவில்லை. நோய்க்கிருமியைத் தேடினார், கிடைக்கவில்லை. பின்னர் அவர் அப்பெண்களின் சோற்றுத் தட்டைப் பார்த்தார். அதில் கீரை இல்லை, பழம் இல்லை, பால் இல்லை. ஆய்வு குன்னூரிலும் சென்னையிலும் தொடர்ந்தது. நொதியத்திலிருந்து செய்யும் 'மார்மைட்டு' என்ற மலிவான சாற்றுப் பொருளைக் கொடுத்ததும் குருதி ஊறுவதைக் கண்டு 1931-இல் உலகுக்கு அறிவித்தார். அந்தச் சாற்றில் இருந்த, அன்று பெயரறியாப் பொருளே பின்னாளில் இலைக்காடி என்று அறியப்பட்டது.

அறுபது ஆண்டு கழித்து, 1991-இல், பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் ஏழு நாடுகளில் நடத்திய ஆய்வின் முடிவு வெளிவந்தது. நரம்புக் குழாய்க் குறையோடு ஒரு குழந்தை ஏற்கெனவே உருவாகியிருந்த தாய்மாருக்கு, அடுத்த கரு உருவாகும் முன்பிருந்தே இலைக்காடி கொடுத்தார்கள். அக் குறை மீண்டும் நேர்வது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. 'முன்பிருந்தே' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். இன்று உலக நலவாழ்வு நிறுவனம், தாயாக விரும்பும் ஒவ்வொரு பெண்ணும் கருவுற முயலும் நாள்தொட்டே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் இலைக்காடி உண்ண வேண்டும் என்கிறது.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? இந்த மண்ணில் உழைத்த ஆலைப் பெண்களின் வெளிறிய உடலிலிருந்து வந்தது. அது மேலைநாட்டுத் தாய்மாரின் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அதை ஈந்த உழைக்கும் பெண்களின் வீட்டுக்குள் இன்னும் முழுதாக நுழையவில்லை.

நம் ஊர்களின் நிலை

இராசபாளையத்தில் 1936-இல் முதல் பெரும் நூலாலை எழுந்தது. இன்று ஊரைச் சுற்றிலும் கதிர்கள் சுழல்கின்றன. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்கிறார்கள். திருவில்லிபுத்தூரில் தறி ஓடுகிறது. பால்கோவாவின் மணம் தெருவை நிறைக்கிறது. உலகத்தார் புண்ணைக் கட்டும் துணியை நெய்கிற பெண்ணின் உடம்பில் குருதி போதுமான அளவு இருக்கிறதா? பாலைக் காய்ச்சிக் காய்ச்சி ஊரெங்கும் அனுப்புகிற ஊரில், வீட்டு மகளுக்கு நாளும் ஒரு குவளைப் பால் கிடைக்கிறதா? இந்த வினாக்களை யாரும் கேட்பதில்லை.

தமிழ்நாட்டு அளவில் கேட்டவர்கள் உண்டு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 அகவையுள்ள பெண்களுள் நூற்றுக்கு 53.4 பேர் குருதிச்சோகை உடையவர்கள். அதற்கு முந்திய ஆய்வில் இது 55. ஏறத்தாழ ஐந்தாண்டில் ஒன்றரைப் புள்ளிதான் குறைந்திருக்கிறது. அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிள்ளைப்பேறும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில், பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறையும் முன் இறப்பவை தமிழ்நாட்டில் 13. இந்தியா முழுமைக்கும் 28.

இது பெருமைப்படத் தக்க செய்தி. செவிலியரும் மருத்துவரும் ஊர் ஊராக நடந்து பெற்ற வெற்றி. ஆனால் இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பேறு நடக்கும் இடத்தை மாற்றிவிட்டோம். பேற்றுக்கு வருகின்ற பெண்ணின் உடலை மாற்றவில்லை. வீட்டுத் திண்ணையிலிருந்து மருத்துவமனைக் கட்டிலுக்கு அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அவள் குருதி அன்றைக்கு எப்படி வெளிறியிருந்ததோ, பெரும்பாலும் இன்றைக்கும் அப்படியே வெளிறியிருக்கிறது.

பிந்திய பண்டுவத்தின் விலை

'கருவுற்ற பிறகு இரும்பு மாத்திரை தருகிறார்களே, போதாதா?' என்று கேட்கலாம். கணக்குப் பார்ப்போம். ஒரு பேற்றுக்குத் தாயின் உடலிலிருந்து ஏறத்தாழ 1 கிராம் இரும்பு செலவாகிறது. குழந்தையின் குருதிக்கும், நச்சுக்கொடிக்கும், தாயின் உடலில் பெருகும் குருதிக்கும், பேற்றின்போது இழக்கும் குருதிக்கும் சேர்த்த கணக்கு இது. முன்பே சேமிப்பு உள்ளவள் தாங்கிக்கொள்வாள். திங்கள்தோறும் குருதி இழந்து, இழந்ததை உணவால் ஈடுசெய்யாமல், வெறுங்கையோடு மணமேடை ஏறியவள் என்ன செய்வாள்? ஆறு திங்களில் மாத்திரையால் அந்தப் பள்ளத்தை நிரப்புவது கடினம். நிரம்பாதபோது ஊசி, அதுவும் போதாதபோது பிறர் குருதி.

பிறர் குருதி என்றால் என்ன நேரலாம் என்பதை இந்த மாவட்டம் அறியும். 2018 திசம்பரில் சாத்தூரில், கருவுற்றிருந்த ஓர் இளந்தாய்க்குக் குருதிச்சோகைக்காகக் குருதி ஏற்றப்பட்டது. அதில் எச்.ஐ.வி. நச்சுயிரி இருந்தது பின்னர்த் தெரிந்தது. நாடே அதிர்ந்தது. குருதி வங்கியின் பிழை பற்றிப் பேசினார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் அதற்கும் பின்னே நிற்கிற வினாவை யாரும் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிறர் குருதி ஏன் தேவைப்பட்டது? திருமணத்துக்கு முன்பே அவள் குருதி ஆய்ந்து பார்க்கப்பட்டு, ஆறு திங்கள் முன்பே மருந்தும் உணவும் கிடைத்திருந்தால், அந்தக் குருதிப் பை அவள் கட்டிலருகே வராமலே போயிருக்கலாம் அல்லவா?

இரண்டு பந்திக்கு இடையே ஒரு பட்டினி

விருதுநகரில் பிறந்த காமராசர் 1956-இல் பள்ளி மதிய உணவைத் தொடங்கினார். 1982-இல் ம.கோ.இரா. ஆட்சி அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தது. இரண்டாண்டில் பத்தாம் வகுப்பு வரை நீட்டியது. 2022-இல் தொடக்கப் பள்ளிகளில் காலையுணவும் சேர்ந்தது. ஆக, பள்ளி செல்லும் சிறுமிக்கு ஒரு பந்தி இருக்கிறது.

கருவுற்ற பெண்ணுக்கும் ஒரு பந்தி இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்ற முத்துலக்குமி அம்மையார் பெயரால் தமிழ்நாடு அரசு மகப்பேற்று உதவி வழங்குகிறது. 2018 முதல் அது பணமும் ஊட்டப் பொருளுமாக 18,000 உரூபா அளவுக்கு உயர்ந்தது.

இந்த இரண்டு பந்திக்கும் இடையே பெண் எங்கே உண்கிறாள்? பள்ளியில் படிக்கும்வரை கிழமைக்கு ஒரு நாள் இரும்பும் இலைக்காடியும் கலந்த மாத்திரையை ஆசிரியர் கையில் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்க்கிறார். விருதுநகர் மாவட்டம் 2018-இல் ஒன்றிய அரசின் 'முனைப்பு மாவட்ட'ப் பட்டியலில் இடம்பெற்றதால், 18 அகவை வரை உள்ள பெண்களுக்கு ஊட்ட உணவுத் திட்டமும் உண்டு. ஆனால் பள்ளி விட்டபின், பதினெட்டைக் கடந்தபின், அவளை யாரும் அழைப்பதில்லை. மாத்திரை வேண்டுமானால் அவளே தேடிப் போக வேண்டும். மணமாகாத பெண் தனியே மருத்துவமனைக்குப் போனால் தெருவே திரும்பிப் பார்க்கும். ஆகவே போகமாட்டாள்.

அந்த ஆண்டுகளில்தான் அவள் ஆலைக்குப் போகிறாள். இரவு முறையில் கதிர்களுக்கிடையே எட்டு மணிநேரம் நிற்கிறாள். திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை மூன்றாண்டு ஆலை விடுதிகளில் தங்கவைத்த 'சுமங்கலி'த் திட்டத்தின் கேடுகளைத் தமிழ்நாடு மறந்துவிடவில்லை. தாலிக்குப் பொன் சேர்க்க உடலைத் தேய்க்கிறாள்; தேய்ந்த உடலோடு தாயாகிறாள். பஞ்சு நைந்திருந்தால் நூல் அறும் என்பது ஆலையில் நிற்கும் எல்லாருக்கும் தெரியும். கஞ்சி ஏறாத பாவு தறியில் தாங்காது என்பது நெசவாளர் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். பெண்ணின் உடலுக்கு மட்டும் இந்த அறிவை நாம் பொருத்திப் பார்ப்பதில்லை.

நம் முன்னோர் முற்றும் அறியாதவர் அல்லர். பெண் பூப்பெய்தினால் இப்பகுதியில் என்ன கொடுக்கிறார்கள்? உளுந்தங்களி, நல்லெண்ணெய், கருப்புக்கட்டி, முட்டை. வளரும் எலும்புக்கும் தசைக்கும் ஊட்டம் வேண்டும் என்று கண்டறிந்த வழக்கம் அது. குறை எங்கே? பதினாறு நாள் ஊட்டிவிட்டுப் பந்தல் பிரித்ததும் களியும் நின்றுவிடுகிறது. பதினேழாம் நாளிலிருந்து அவள் 'வயதுக்கு வந்த பெண்'. ஆகவே எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ண வேண்டியவள். அண்ணனுக்கு முட்டை, அவளுக்குக் குழம்பு. பழைய வழக்கத்தைப் பதினாறு நாளோடு நிறுத்தாமல் பதினாறு ஆண்டுக்கு நீட்டினால், அதுவே சிறந்த பண்டுவம்.

முன்னரே செய்தால்தான் உண்டு

சில காப்புகளைப் பிந்திச் செய்யலாம். பயன் குறைவாக இருக்கும். சிலவற்றைப் பிந்திச் செய்யவே முடியாது. இலைக்காடியைச் சொன்னோம். இன்னும் உண்டு.

'உரூபெல்லா' என்னும் அம்மை வகை தாய்க்கு இரண்டு நாள் காய்ச்சலும் செந்தடிப்புமாகக் கழியும். ஆனால் கருவுற்ற முதல் மூன்று திங்களில் அது தாக்கினால், குழந்தை கண்ணில் படலத்தோடும், செவி கேளாமலும், நெஞ்சுக்குலையில் குறையோடும் பிறக்கலாம். 1941-இல் ஆத்திரேலியக் கண் மருத்துவர் கிரெகு இதை முதலில் கண்டறிந்தார். தடுப்பூசி இருக்கிறது. ஆனால் கருவுற்றபின் அதைப் போடக்கூடாது. போட்டபின் ஒரு திங்களாவது கருவுறாதிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2017 பிப்பிரவரியில் 9 திங்கள் முதல் 15 அகவை வரை உள்ள பிள்ளைகளுக்கு இத் தடுப்பூசி போட்டார்கள். அன்று பதினைந்தைக் கடந்திருந்த பெண்கள் அந்த வரிசையில் நிற்கவில்லை. இன்று தாயாகும் அகவையில் இருப்பவர்களுள் பலர் அவர்களே.

நீரிழிவும் அப்படியே. நம் நாட்டுப் பெண்களின் துன்பம் மெலிவு மட்டும் அன்று. அதே குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களுள் நூற்றுக்கு 40 பேர் அளவுக்கு மீறிய எடை உடையவர்கள்; 12 பேருக்கு மேல் அளவுக்குக் குறைந்த எடை உடையவர்கள். ஒரே தெருவில் இரு கேடும் உண்டு. தாயின் குருதியில் சர்க்கரை மிகுந்திருக்கும்போது கரு உருவானால், நெஞ்சுக்குலையும் முதுகுத்தண்டும் உருவாகும் அந்த முதற் கிழமைகளிலேயே பழுது நேரலாம். சர்க்கரையை முதலில் அடக்கிவிட்டுப் பின்னர்க் கருவுறுவதே முறை. கழுத்திலுள்ள கேடயச் சுரப்பி சோம்பியிருந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி தளரும். அதையும் முன்னரே ஆய்ந்து சரிசெய்யலாம்.

உறவுத் திருமணத்தையும் சொல்லாமல் விடமுடியாது. தமிழ்நாட்டுத் திருமணங்களுள் நான்கில் ஒன்றுக்கு மேற்பட்டவை குருதி உறவுக்குள் நடப்பவை. 'சொத்து வெளியே போகக்கூடாது. உறவு விட்டுப்போகக் கூடாது' என்பர். ஒரு குடும்பத்தில் மறைந்து கிடக்கும் ஒரே குறை, தாய்மாமன் வழியாகவும் அக்காள் மகள் வழியாகவும் குழந்தையிடம் வந்து இணையும்போது வெளிப்படுகிறது. ஏற்கெனவே உறவுக்குள் மணந்தவர்களை அச்சுறுத்த இதைச் சொல்லவில்லை; அவர்களுள் பெரும்பாலோர்க்கு நல்ல குழந்தைகளே பிறக்கின்றன. இனிமேல் மணம் பேசுவோர் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதே செய்தி.

முன்கூட்டியே பேணினால் உண்மையில் பயன் உண்டா? பார்த்திருக்கிறார்கள். மும்பையின் குடிசைப் பகுதிகளில் 6,500-க்கு மேற்பட்ட பெண்களைச் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவினருக்குக் கீரையும் பழமும் பாலும் சேர்ந்த தின்பண்டம் கருவுறும் முன்பிருந்தே நாளும் கொடுக்கப்பட்டது. 2014-இல் முடிவு வந்தது. கருவுறுவதற்கு மூன்று திங்கள் முன்பே உண்ணத் தொடங்கியவர்களின் குழந்தைகள் சராசரியாக 48 கிராம் கூடுதல் எடையோடு பிறந்தன. தாய்மாரிடையே கருக்கால நீரிழிவும் பெரிதும் குறைந்தது. ஆனால் மிக மெலிந்த பெண்களின் குழந்தைகளுக்கு அந்த எடைப்பயன் கிட்டவில்லை. ஆண்டுக்கணக்கில் தேய்ந்த உடலைச் சில திங்களில் நிமிர்த்திவிட முடியாது என்பதே அதன் பாடம். தில்லியில் 13,500 பெண்களிடையே நடந்து 2022-இல் முடிவு வெளியான ஆய்வு, உணவு, மருந்து, தூய்மை, மனத்துணை ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுத்தது. கருவுறும் முன்பும் கருவுற்ற காலத்திலும் இவற்றைப் பெற்ற தாய்மாரிடையே எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தன.

பொன்னும் கிராம், குருதியும் கிராம்

நம் வீடுகளில் மணம் பேசும் முறையைப் பாருங்கள். பத்துப் பொருத்தம் பார்க்கிறார்கள். ஏழாம் கட்டத்தில் செவ்வாய் நின்றால் மணத்தையே நிறுத்துகிறார்கள். வானத்தில் எட்டாத் தொலைவில் சுற்றும் கோளின் இருப்பை அறிய இவ்வளவு துடிப்பு! பெண்ணின் நரம்பில் ஓடும் குருதியின் நிலையை அறிய ஒரு துளித் துடிப்பு உண்டா?

பெண்ணுக்கு எத்தனை கிராம் பொன் போடுவீர்கள் என்று கேட்கிறார்கள். குருதிக்குச் செந்நிறம் தரும் பொருளையும் கிராமில்தான் அளக்கிறார்கள். மருத்துவர் அதை 'ஈமோகுளோபின்' என்பர். 100 மில்லி குருதியில் அது 12 கிராமுக்குக் குறைந்தால் பெண்ணுக்குக் குருதிச்சோகை. கழுத்தில் நூறு கிராம் பொன் மின்னுகிறது. குருதியில் எட்டுக் கிராம்தான் இருக்கிறது. இதில் எந்தக் கிராம் பேரப்பிள்ளையைக் காக்கும்?

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். குருதி ஆய்வைப் பெண்ணைத் தட்டிக்கழிக்கும் புதுப் பொருத்தமாக ஆக்கிவிடக் கூடாது. 'குருதி குறைவு, வேண்டாம்' என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லத் தொடங்கினால், செவ்வாய்க் குற்றத்தைவிடப் பெரிய கொடுமையாக அது முடியும். பெண்கள் ஆய்வுக்கே அஞ்சி ஒளிவர். ஆய்வு விலக்குவதற்கு அன்று, சரிசெய்வதற்கு. முடிவு பெண்ணின் கையில் இருக்க வேண்டும். ஆணும் ஆய்ந்துகொள்ள வேண்டும். அவன் புகைக்கும் புகையும் கொண்டுவரும் நோயும் கருவைத் தொடும். குடித்து அழிக்கும் கூலி, அவள் தட்டில் விழவேண்டிய முட்டையும் கீரையும் ஆகும்.

'எங்கள் பாட்டி எந்த மாத்திரையும் தின்னாமல் பத்துப் பெற்றாள்' என்று மார்தட்டுவோர் உண்டு. பத்தில் எத்தனை பிழைத்தன என்று அந்தப் பாட்டியிடமே கேளுங்கள். விரல் மடக்கி எண்ணுவாள். பாதியில் குரல் தழுதழுக்கும். 'கீரை இருக்க மாத்திரை எதற்கு?' என்போரும் உண்டு. முருங்கைக்கீரை கொல்லையில் இருக்கிறது. கரிசலில் கம்பு விளைகிறது. எள்ளும் உளுந்தும் கருவாடும் நம் உணவே. அவை அடிப்படை. ஆனால் இலைக்காடியைக் கொதிநீர் பெரிதும் அழித்துவிடும். கீரையிலுள்ள இரும்பில் உடல் ஏற்பது சிறு பங்கே. ஆகவே உணவும் வேண்டும், மருந்தும் வேண்டும். தமிழ் மரபு நல்லதைத் தள்ளிய மரபு அன்று.

தாய்க்குத் தாய்மொழியில்

இங்கே மொழி ஏன் வருகிறது என்று சிலர் எண்ணலாம். ஒரு பெண்ணின் கையில் ஆய்வுத் தாள் கொடுக்கப்படுகிறது. அதில் எல்லாம் ஆங்கிலம். அவள் உடலைப் பற்றிய செய்தி. அவளுக்கு மட்டும் விளங்காத செய்தி. மடித்துத் தலையணைக்கடியில் வைக்கிறாள். 'குருதி மூன்று கிராம் குறைவு; இந்த மாத்திரையை மூன்று திங்கள் உண்க; உணவோடு தேநீர் குடியாதே; மூன்று திங்கள் கழித்து மீண்டும் வா' என்று நான்கு வரி தமிழில் எழுதியிருந்தால் அவள் மடித்து வைக்கமாட்டாள். தாய்மொழியில் வராத மருத்துவம் தாயின் உடலுக்குள்ளும் இறங்காது. மருத்துவமனை ஆய்வுத் தாள் தமிழில் வேண்டும் என்பது வெறும் மொழிப்பற்று அன்று. பிறக்கப்போகும் குழந்தையின் உரிமை.

செய்ய வேண்டியவை

பெண்ணைப் பெற்றவர்கள் முதலில் செய்யத்தக்கது: மணம் பேசத் தொடங்கும் முன் அரசு மருத்துவமனையில் குருதி, சர்க்கரை, கேடயச் சுரப்பி, குருதி அழுத்தம் ஆகியவற்றை ஆய்ந்து பாருங்கள். குறை இருந்தால் மருத்துவர் சொற்படி மூன்று திங்களாவது மருந்து கொடுங்கள். உரூபெல்லாத் தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள். குடலிலுள்ள கொக்கிப்புழு குருதியைக் குடிக்கும். அதற்கு மருந்து கொடுத்து, கொல்லைக்குப் போகும்போது செருப்பு அணியச் சொல்லுங்கள். மகளுக்கும் மகனுக்கும் ஒரே அளவு முட்டை, ஒரே வேளையில் பந்தி. சோற்றோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேரட்டும். அது இரும்பை உடலில் ஏற்றும். உணவை ஒட்டிக் குடிக்கும் தேநீர் இரும்பைத் தடுக்கும். ஒரு மணிநேரம் தள்ளிக் குடிக்கட்டும்.

புதுமண இணையர் செய்யத்தக்கது: குழந்தை எப்போது என்பதை ஊர் வாய் முடிவு செய்ய விடாதீர்கள். 'இன்னும் ஒன்றும் இல்லையா?' என்ற நச்சரிப்புக்காக ஆயத்தமில்லாத உடலில் கருவை ஏற்காதீர்கள். விரும்பும் நாளுக்கு மூன்று திங்கள் முன்பே இலைக்காடி தொடங்குங்கள். முன்னர்க் குறையுள்ள குழந்தை பிறந்திருந்தால் கூடுதல் அளவு வேண்டும், மருத்துவரைக் கேளுங்கள். ஒரு பேற்றுக்கும் அடுத்த கருவுக்கும் இரண்டாண்டு இடைவெளி விடுங்கள். முதற் குழந்தைக்குப் பாலூட்டிய உடல் இழந்ததை மீட்க அவ்வளவு காலம் வேண்டும்.

ஆலையாரும் அரசும் செய்யத்தக்கது: பள்ளிக்கு வரும் மாத்திரை ஆலை வாயிலுக்கும் தறிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் வரட்டும். திருமணப் பதிவின்போதே புதுமண இணையர்க்கு ஆய்வுச் சீட்டும் மூன்று திங்கள் மாத்திரையும் கையில் கிடைக்கட்டும். கருவுற்றபின் கொடுக்கும் உதவியில் ஒரு பங்காவது கருவுறும் முன் கிடைக்கட்டும்.

முடிவாக ஒன்று. பெண் நலமாக இருக்க வேண்டும் என்பது பிள்ளைக்காக மட்டும் அன்று. மணமாகாத பெண்ணும், பிள்ளை வேண்டாத பெண்ணும், பிள்ளை வாய்க்காத பெண்ணும் தலைசுற்றல் இன்றி, மூச்சிரைப்பு இன்றி, நிமிர்ந்து நடக்கும் உரிமை உடையவர்கள். அவள் வெறும் கருப்பை தாங்கி அன்று, முழு மாந்தர். அந்த முழுமையை நாம் மதித்தால் நல்ல குழந்தை அதன் பின்னே தானே வரும். விளைச்சலை மட்டும் விரும்பி நிலத்தை மறக்கிறவன் உழவன் அல்லன்.

திருவில்லிபுத்தூர்த் தெருக்களில் இனியும் வளைகாப்பு நடக்கட்டும், வளையல் ஒலிக்கட்டும். ஆனால் அந்த வளையலைப் பூட்டும் மூத்த பெண்கள் அனைவரும், அருகில் நிற்கும் மணமாகாத தங்கையின் கையையும் பிடித்து, அவள் நகத்தையும் கண்ணின் கீழ் இமையையும் ஒருமுறை பார்க்கட்டும். வெளிறியிருந்தால் அன்றைக்கே அழைத்துப் போகட்டும். அதுதான் காப்புக்கு முந்திய காப்பு. தமிழ்நாட்டின் அடுத்த தலைமுறை அங்கேதான் தொடங்குகிறது.

வாழ்க தாய்மை! வெல்க தமிழ்!